தேசிய சேவை முடித்து புரோ ஆகிறவர் முதல் ஆண்டை எந்த டூரில் ஆடலாம்?

சிங்கப்பூரில் தேசிய சேவையை முடித்துவிட்டு "நான் கோல்ஃபில் புரோ (தொழில்முறை ஆட்டக்காரன்) ஆகப் போகிறேன்" என்று ஒரு பையன் வீட்டில் சொன்னால், அப்பா அம்மா முதல் பெரியம்மா வரை எல்லாரும் கேட்பது ஜெயித்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் எந்த டூரில், அதாவது எந்தப் போட்டித் தொடரில், முதல் ஆண்டை ஆடுவது என்று முடிவெடுக்க அந்தக் கேள்வி உதவாது. அந்த டூரில் சேர்ந்தால் வருடத்துக்கு எத்தனை போட்டியில் நிச்சயமாக ஆட இடம் கிடைக்கும், ஒவ்வொரு போட்டிக்கும் கையிலிருந்து எவ்வளவு போகும், கடைசியில் அந்த டூர் எந்தக் கதவைத் திறக்கும். இந்த மூன்றையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

என் அக்கா மகன் அடுத்த சீசனுக்குத் தயாராகிறான். அவனோடு உட்கார்ந்து ஒவ்வொரு டூராகப் பார்த்துக் கணக்குப் போட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன், இதே யோசனையில் இருக்கிற வேறு குடும்பங்களுக்கும் பயன்படட்டும். டாலர் என்று வரும் இடமெல்லாம் அமெரிக்க டாலர், வெள்ளி என்றால் நம் ஊர்ப் பணம். செலவுத் தொகைகள் எல்லாம் என் தோராயக் கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும்.

ஏன் போட்டி எண்ணிக்கையை இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், இந்தத் தொழிலில் சம்பளம் கிடையாது. நுழைவுக் கட்டணம், டிக்கெட், அறை, பை தூக்கும் கேடி எல்லாம் ஆட்டக்காரர் கைக்காசு. முதல் இரண்டு நாள் ஆடி கட், அதாவது அடுத்த சுற்றுகளுக்குப் போக வேண்டிய ஸ்கோர் வரம்பு, தாண்டவில்லை என்றால் வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஒரு காசு இல்லாமல் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தொடர்ந்து ஆட இடம் இருக்கிறவனுக்கு ஒரு மோசமான வாரம் வெறும் மோசமான வாரம், அடுத்த வாரம் சரிசெய்துகொள்வான். ரிசர்வ் பட்டியலில் காத்திருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆடுகிறவனுக்கோ பந்தைக் குழிக்குள் உருட்டும் ஒவ்வொரு பட்டிங்கும் வருடத்தையே தீர்மானிப்பது மாதிரி இருக்கும். அந்தப் பதற்றத்தில் 20 வயதுப் பையனின் ஸ்விங் கெட்டுப்போவதை நான் பார்த்திருக்கிறேன், அதைத் திருத்த ஒரு வருடம்கூட ஆகலாம்.

இதில் சிங்கப்பூரர்களுக்கு என்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. ஆசிய நாடுகளில் நடக்கும் பெரிய டூரான ஆசிய டூரின் தலைமையகம் இங்கேதான். தானா மேரா கிளப்பில் 2022இலும் 2023இலும் ஆசிய டூரின் பெரிய பரிசுப் போட்டியான இன்டர்நேஷனல் சீரிஸ் நடந்தது, 2023இல் உலக நட்சத்திரங்கள் ஆடிய லிவ் கோல்ஃபும் செந்தோசாவுக்கு வந்துவிட்டது. உச்சியில் எல்லாம் இருக்கிறது, கீழ்ப்படிகள்தான் இல்லை. மலேசியாவில் பிஜிஎம், தைவானில் தைவான் பிஜிஏ, தாய்லாந்தில் ஆல் தாய்லாந்து டூர் என்று அவரவர் ஊரில் வாரம் வாரம் ஆட ஒரு டூர் இருக்கிறது. நமக்கு அந்த அளவில் ஒன்றும் இல்லை. நிலமும் குறைந்துகொண்டே வருகிறது: ஜூரோங் கன்ட்ரி கிளப் 2016 முடிவில் மூடியது, ராஃபிள்ஸ் 2018இல், பொதுமக்கள் யாரும் காசு கட்டி ஆடக்கூடியதாக இருந்த மரினா பே 18 குழித் திடல் 2024இல். ஆக, நம் பிள்ளை எங்கே போனாலும் வெளியூர்க்காரன்தான். இது வெறும் மனக்குறை இல்லை, ஆட இடம் கிடைப்பதையே நேரடியாகப் பாதிக்கிற விஷயம், கீழே வருகிறேன்.

முதலில் ஏடிடி, அதாவது ஆசிய டூர் 2010இல் தொடங்கிய ஆசிய வளர்ச்சி டூர். நம்மில் பெரும்பாலோருக்கு முதலில் மனதில் வருவது இதுதான், வருவதும் சரிதான். மலேசியா, இந்தோனேசியா, தைவான் பக்கம் நிறைய போட்டிகள், இடையில் மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா வரைக்கும்கூட ஒரு நீட்டு நீட்டும். பரிசுத்தொகை பெரும்பாலும் ஒரு போட்டிக்கு 75,000 டாலரிலிருந்து 150,000 டாலர் வரை. வெற்றியாளருக்கு 17.5 விழுக்காடு என்று வைத்தால் 75,000 டாலர் போட்டியில் 13,125 டாலர், நம் பணத்தில் சுமார் 17,000 வெள்ளி. கட் தாண்டி ஐம்பதாவது இடத்தில் முடித்தால் சில நூறு டாலர்தான், அந்த வாரச் செலவுக்கே பத்தாது. அதனால் இதைச் சம்பாதிக்கும் இடமாக நினைத்துப் போகக்கூடாது. சீசன் முடிவில் ஆர்டர் ஆஃப் மெரிட்டில் (தரவரிசைப் பட்டியலில்) முதல் 10 பேருக்கு அடுத்த ஆண்டு ஆசிய டூர் கார்டு, அதாவது அங்கே ஆடும் உரிமை, அதற்காகத்தான் போகிறோம்.

அந்தக் கார்டு எதற்கு இவ்வளவு முக்கியம் என்றால், 2022க்குப் பிறகு ஆசிய டூரின் பணம் வேறு நிலைக்குப் போய்விட்டது. இன்டர்நேஷனல் சீரிஸ் போட்டிகள் 2 மில்லியன் டாலர் அளவில் நடக்கின்றன. ஏடிடியில் ஒரு முழு சீசன் உழைத்துச் சேர்ப்பதை அங்கே ஒரே நல்ல வாரத்தில் எடுத்துவிடலாம். ஏடிடியிலிருந்து எவ்வளவு வேகமாக மேலே போக முடியும் என்பதற்கு தென் கொரியாவின் டாம் கிம்மை விடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2019இல் 17 வயதில் ஏடிடியில் மூன்று போட்டிகளை வென்று சீசன் முடியும் முன்பே ஆசிய டூருக்கு உயர்ந்தார், அதே ஆண்டு இந்தியாவில் பானாசோனிக் ஓப்பனையும் வென்றார். 2022 ஜனவரியில் நம் தானா மேராவிலேயே சிங்கப்பூர் இன்டர்நேஷனல் கோப்பையைத் தூக்கினார், அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் உச்ச டூரான பிஜிஏ டூரில் விண்டம் சாம்பியன்ஷிப். எல்லாருக்கும் இது நடக்காது, அது தெரிந்த விஷயம். ஆனால் ஏணி உடையாமல் மேலே வரை போகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

செலவு குறைவு என்று பார்த்தால் ஏடிடியை மிஞ்ச எதுவும் இல்லை. மலேசியப் போட்டிக்கு இரண்டு பேர் சேர்ந்து காரில் போய், ஒரே அறையில் தங்கி, சாப்பாட்டைப் பார்த்துச் செலவழித்தால் நுழைவுக் கட்டணம், கேடி எல்லாம் சேர்த்து வாரம் 1,000 வெள்ளியை ஒட்டி முடித்துவிடலாம். வண்டிக்கு விஇபி, அதாவது மலேசியாவுக்குள் நுழையும் அனுமதி, எடுத்துவிடுங்கள், இப்போது அது இல்லாமல் போனால் 300 ரிங்கிட் அபராதம். கிளம்பும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோலும் இருக்க வேண்டும். உட்லண்ட்ஸ் நெரிசலைத் தவிர்க்க ஞாயிறு அதிகாலையில் துவாஸ் வழியாகப் போவது நல்லது, திங்களன்று பயிற்சிச் சுற்றுக்கு உடம்பு தயாராக இருக்கும். இந்தோனேசியா என்றால் கொஞ்சம் கூடும், தைவான் 2,000 வெள்ளியைத் தொடும், சவூதி, மொரோக்கோ பக்கம் அதற்கும் மேல். இப்படிக் கலந்து ஒரு பதினைந்து போட்டி, பயிற்சியாளர், உபகரணம், ஃபிசியோ எல்லாம் சேர்த்து, வீட்டில் தங்கிச் சாப்பிடுகிறவனுக்கு வருடம் 30,000 வெள்ளி அளவில் வரும். சிறிய தொகை இல்லைதான், ஆனாலும் ஒரு நடுத்தரக் குடும்பமும் ஓரிரு ஸ்பான்சர்களும் சேர்ந்தால் சமாளிக்கக்கூடியது. இன்னொரு நன்மை, வெயில், ஈரம், மழை, இடி மின்னலுக்கு ஊதும் சைரன், புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும் (கிரெய்ன்) பெர்முடா கிரீன் எல்லாம் நம் பிள்ளைகளுக்குப் பழகினது. ஐரோப்பாவிலிருந்து வருகிறவன் மூன்றாம் நாள் வெயிலில் வாடும்போது நம் பையன் சாதாரணமாக நடப்பான்.

சரி, இவ்வளவு நல்லது என்றால் யோசிக்க என்ன இருக்கிறது? இடம். ஏடிடி போட்டிகள் பெரும்பாலும் உள்ளூர் டூரோடு சேர்ந்து நடப்பவை. மலேசியப் போட்டியில் ஒரு பெரிய பங்கு இடம் பிஜிஎம் ஆட்டக்காரர்களுக்கு, தைவானில் அவர்கள் ஆட்களுக்கு. மலேசியப் பையனுக்குத் தன் ஊர்ப் பங்கு வழியாக உள்ளே வர ஒரு வழி இருக்கிறது. சிங்கப்பூரனுக்கு அந்த வழி இல்லை, மீதி இருக்கும் இடத்தில் ஏடிடியின் சொந்த வரிசைப்படிதான் வர வேண்டும். அந்த வரிசையில் மேலே இருக்க வேண்டுமென்றால் ஆசிய டூரின் தகுதிப் போட்டியான கியூ ஸ்கூலில் நன்றாக ஆடியிருக்க வேண்டும். கியூ ஸ்கூல் இறுதிக் கட்டத்தில் முதல் 35 பேருக்கும் சமநிலையில் இருப்பவர்களுக்கும் ஆசிய டூர் கார்டே கிடைத்துவிடும். கிடைக்காதவர்கள் எந்த இடத்தில் முடித்தார்கள் என்பது ஏடிடியில் இடம் பிடிக்க உதவும். முதல் கட்டத்திலேயே வெளியேறிவிட்டு "ஏடிடி இருக்கிறது, ஆடிக்கொள்ளலாம்" என்று நினைத்தால் சீசனில் பாதி நாள் வீட்டில் மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டு உட்கார நேரிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏடிடி கால அட்டவணை வருடத் தொடக்கத்தில் முழுதாக வராது. துண்டு துண்டாக வரும், இடையில் மாறும். முன்கூட்டியே மலிவாக டிக்கெட் போடுவது கஷ்டம்.

அடுத்து இந்தியா. நம் ஆட்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை, எனக்கு அது ஆச்சரியமாக இருக்கிறது. பிஜிடிஐ, 2006இல் தொடங்கிய இந்திய டூர், இன்று ஆசியாவில் ஒழுங்காக நடக்கும் உள்நாட்டு டூர்களில் ஒன்று. பல போட்டிகள் ஒரு கோடி ரூபாய் பரிசுத்தொகை, வெற்றியாளருக்கு 15 லட்சம், நம் பணத்தில் இருபதாயிரம் வெள்ளிக்குச் சற்று மேல். ஏடிடியின் சின்னப் போட்டிகளைவிட இது அதிகம். கியூ ஸ்கூல் வெளிநாட்டவர்க்கும் திறந்திருக்கிறது. கார்டு எடுத்துவிட்டால் ஆட இடம் உறுதி, வாரக் கணக்கில் தொடர்ந்து ஆடலாம். நான் முதலில் சொன்ன கேள்விக்கு இந்தியா தரும் பதில்தான் எல்லாவற்றிலும் தெளிவானது.

சொந்த டூர் இல்லாத சின்ன நாட்டுக்காரன் இந்தியா வழியாக வரலாம் என்பதை வங்காளதேசத்தின் சித்திக்குர் ரஹ்மான் காட்டிவிட்டார். டாக்காவில் பந்து பொறுக்கும் பையனாகத் தொடங்கியவர், இந்திய டூரில் வென்று பழகி, 2010இல் புருணை ஓப்பன், 2013இல் இந்தியன் ஓப்பன், 2016இல் ஒலிம்பிக் என்று போனார். நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் இலங்கையின் என். தங்கராஜா. கொழும்பிலிருந்து வந்து பல வருடம் இந்திய டூரில் ஆடி, அங்கே வெற்றிகளும் பெற்றவர். இவர்கள் இரண்டு பேருக்கும் ஊரில் நம்மைவிடக் குறைந்த வசதிதான் இருந்தது.

இந்தியாவின் மேல்படியும் மாறியிருக்கிறது. 2023இல் ஆர்டர் ஆஃப் மெரிட்டில் முதலாவதாக வந்த ஓம் பிரகாஷ் சௌஹானுக்கு ஐரோப்பாவின் உச்ச டூரான டிபி வேர்ல்டு டூரின் கார்டே கிடைத்தது. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் அதற்கு ஒரு படி கீழான ஐரோப்பிய சேலஞ்ச் டூரோடு சேர்ந்து போட்டிகள் நடந்திருக்கின்றன, அவற்றில் ஆட இந்திய டூர் ஆட்டக்காரர்களுக்கு இடம் உண்டு. ஆனால் கவனியுங்கள், ஏடிடியில் பத்துப் பேருக்குக் கதவு திறக்கிறது, இங்கே பெரிய கதவு உச்சியில் இருக்கும் ஒருவருக்குத்தான். முதல் ஆண்டிலேயே ஒரு சிங்கப்பூர்ப் பையன் அந்த இடத்துக்கு வருவான் என்று நினைத்துத் திட்டம் போட முடியாது. இந்தியாவுக்குப் போவதென்றால் ஆட்டத்தை வளர்க்கப் போகிறோம், அப்புறம் அடுத்த ஆசிய டூர் கியூ ஸ்கூலுக்கு நல்ல பழக்கத்தோடு வருகிறோம் என்று எடுத்துக்கொள்வதுதான் சரி.

சென்னையில் சொந்தக்காரர் இருக்கிறார்கள், செலவு மிச்சம் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் வாரங்களுக்கு அது உதவும். ஆனால் நிறைய போட்டிகள் டெல்லி, சண்டிகர், அகமதாபாத், கொல்கத்தா, ஜாம்ஷெட்பூர் பக்கம். குளிர்காலத்தில் டெல்லிச் சுற்றுவட்டாரத்தில் மூடுபனியால் காலைத் தொடக்கம் தள்ளிப்போவது சகஜம். நம் பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டு ஆடிப் பழகியதே கிடையாது, பந்து பத்து கஜம் குறைவாகப் பறப்பதைக் கண்டு முதல் வாரம் குழம்புவார்கள். விசா முன்கூட்டியே எடுக்க வேண்டும். வெளிநாட்டு விளையாட்டாளர் என்பதால் பரிசுப் பணத்தில் 20 விழுக்காட்டோடு கூடுதல் தீர்வையும் பிடித்துக்கொள்வார்கள். போய் மூன்று நான்கு வாரம் தங்கி வரிசையாக ஆடிவிட்டு வந்தால்தான் கட்டுப்படியாகும், ஒரு வாரத்துக்குப் போய்ப் போய் வந்தால் டிக்கெட்டே சாப்பிட்டுவிடும். அப்படித் திட்டமிட்டால் வருடச் செலவு ஏடிடிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

அமெரிக்கா பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன், அங்கே கல்லூரியில் ஆடாதவன் முதல் ஆண்டு அங்கே போகக்கூடாது. 2024இல் கனடா டூரையும் லத்தீன் அமெரிக்க டூரையும் இணைத்து பிஜிஏ டூர் அமெரிக்காஸ் என்று ஆக்கினார்கள். முதல் சீசனில் பதினாறு போட்டி, ஒவ்வொன்றுக்கும் 225,000 டாலர், வென்றால் 40,500 டாலர். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். முடிவில் முதல் 10 பேருக்கு அடுத்த படியான கார்ன் ஃபெரி டூர், அங்கே 2025இலிருந்து முதல் 20 பேருக்குத்தான் பிஜிஏ டூர், அதற்கு முந்தைய ஆண்டு 30 பேருக்குக் கிடைத்தது. ஆக இரண்டு மாடி ஏற வேண்டும், படியும் குறுகிக்கொண்டே போகிறது. எதிரில் நிற்பவர்கள் அமெரிக்கக் கல்லூரிகளில் நாலு வருடம் இலவசமாகப் பயிற்சி பெற்று, அந்தப் புல்லில், அந்தத் திடல்களில் வளர்ந்தவர்கள். லத்தீன் அமெரிக்கப் பகுதியில் சரியாக ஆடாதவருக்குக் கோடையில் கனடா பக்கம் நடக்கும் இரண்டாம் பாதியில் இடம் கிடைப்பது உறுதியில்லை. கியூ ஸ்கூல் கட்டணமே ஆயிரக்கணக்கான டாலர், பயணம் நாட்டுக்கு நாடு. கனடாவில் வீட்டில் இடம் தரும் குடும்பங்கள் இருக்கின்றன, அது ஒரு நல்ல வழக்கம், ஆனாலும் வருடம் 80,000 வெள்ளிக்குக் குறைந்து இதை முடிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்க மண்ணில் வெல்லும் பரிசில் 30 விழுக்காடு முதலிலேயே பிடிப்பார்கள். நமக்கும் அவர்களுக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் இல்லை, கணக்குத் தாக்கல் செய்து செலவைக் கழித்துத்தான் திரும்ப வாங்க வேண்டும். இதையெல்லாம் 21 வயதில் தனியாக, வீட்டிலிருந்து ஒரு நாள் பயண தூரத்தில்.

ஆனால் அமெரிக்காவுக்குப் போக வேறொரு வழி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடு முழுமையாகாது. இன்னும் புரோ ஆகாமல், அமெச்சூராகவே கல்லூரிக்குப் போவது. ஹிரோஷி டாய் ஜார்ஜியா டெக்கில் படித்துக்கொண்டே 2024இல் அமெரிக்கக் கல்லூரிகளின் தனிநபர் சாம்பியன் ஆனார். அதனால் கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸில் 2025இல் ஆடிய முதல் சிங்கப்பூரர் ஆனார். இன்னொரு சிங்கப்பூரர் ஜேம்ஸ் லியோவும் அரிசோனா ஸ்டேட்டில் படித்துவிட்டுத்தான் புரோ ஆனார். உபகாரச் சம்பளம் தரும் அளவுக்கு மதிப்பெண்ணும் ஸ்கோரும் உள்ள பையனுக்கு, தேசிய சேவை முடிந்த கையோடு ஏடிடிக்கு ஓடுவதைவிட இது மேல் என்றே நினைக்கிறேன். நாலு வருடம் போட்டிச் செலவு கல்லூரியுடையது, கையில் ஒரு பட்டம், சிறந்து ஆடினால் அமெரிக்க டூர்களுக்கே நேர் வழி. "அதற்குள் 25 வயது ஆகிவிடும்" என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். கோல்ஃபில் 25 ஒரு வயதே இல்லை. ஒருமுறை புரோ ஆகிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும், அதனால் இதை முதலில் தீர்த்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

தாய்லாந்து, ஆஸ்திரேலியா, ஐரோப்பா பற்றிச் சுருக்கமாக. ஆல் தாய்லாந்து டூரில் ஆட்டத்தரம் மிக உயர்ந்தது, செலவும் குறைவு, ஆனால் வெளிநாட்டவருக்கு இடம் குறைவு, இடைவெளி வாரங்களை நிரப்ப மட்டும் பயன்படுத்தலாம். ஆஸ்திரேலிய டூர் நல்ல டூர்தான், பெர்த் ஐந்து மணி நேரத்தில் போய்விடலாம், ஆனால் தங்குமிடச் செலவு கையைக் கடிக்கும், பெரிய போட்டிகள் ஆண்டு முடிவில் குவிந்திருக்கும். ஐரோப்பாவின் கீழ்நிலை டூர்களுக்கு முதல் ஆண்டில் போக எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சிங்கப்பூரின் ஷேனன் டான் கல்லூரியை விட்டு புரோ ஆகி, கியூ ஸ்கூல் வழியாக நேராக ஐரோப்பியப் பெண்கள் டூரில் சேர்ந்து, 2024 தொடக்கத்தில் கென்யாவில் உறுப்பினராக ஆடிய முதல் போட்டியையே வென்றார். அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஆடினார். பெண்களுக்கு ஆசியாவில் ஏடிடி போல ஒரே ஏணி இல்லை, தைவான், சீனா, ஜப்பான் என்று சிதறிக் கிடக்கிறது. அதனால் ஸ்கோர் இருந்தால் முதலில் ஐரோப்பிய கியூ ஸ்கூலை முயல்வதுதான் என் விருப்பம்.

ஆண் பிள்ளைகளுக்கு ரிசர்விஸ்ட் விஷயத்தை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை. ஓஆர்டி ஆன பிறகும், அதாவது தேசிய சேவை முடிந்த பிறகும், பத்து சுற்றுகள் வரை முகாம் அழைப்பு வரும். 14 நாளோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்கப் போனால் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். முகாம் அழைப்பு முக்கியமான போட்டி வாரத்தில் வந்தால் ஒத்திவைக்கக் கேட்கலாம், ஆனால் கிடைக்கும் என்று உறுதி இல்லை. ஏடிடி அடித்தளமாக இருந்தால் இரண்டு வாரம் முகாமுக்குப் போய்விட்டு மூன்றாம் வாரம் மலேசியாவில் ஆடிவிடலாம். கனடாவில் இருக்கிறவன் வந்து போவதற்குள் சீசனில் கால் பங்கு போய்விடும். அப்புறம், புரோ என்றால் சுயதொழில் செய்பவர். ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக்குக் கட்ட வேண்டும். ரசீதுகளை முதல் வாரத்திலிருந்தே எடுத்து வையுங்கள், முகாமுக்குப் போகும்போது வருமான இழப்பைக் கோரவும் வரிக் கணக்குதான் ஆதாரம்.

பயிற்சிக்கு எங்கே போவது என்பதும் டூரோடு சேர்ந்த கேள்விதான். இங்கே கிளப் உறுப்பினர் விலை எல்லாருக்கும் எட்டாது. ஜோகூரில் ஹொரைசன் ஹில்ஸ், செனாய் பக்கம் பாம் ரிசார்ட், படகில் போனால் பாத்தாம், பிந்தான் என்று வார நாட்களில் நியாயமான விலையில் 18 குழி ஆடலாம். ஏடிடியில் சந்திக்கப்போகும் புல்லும் அதேதான். இந்தக் காரணத்துக்காகவே ஏடிடி பக்கம் தராசு இன்னும் கொஞ்சம் சாய்கிறது.

ஆக எங்கள் வீட்டில் எடுத்த முடிவு இது. கல்லூரி வழி அவனுக்குப் பொருந்தவில்லை, அதைப் பேசி முடித்துவிட்டோம். வருடம் மாறும் சமயத்தில் ஆசிய டூர் கியூ ஸ்கூல், பணத்தில் முதல் பங்கு அதற்குத்தான், இரண்டு வாரம் முன்பே போய் அந்தத் திடலில் பழகுவதையும் சேர்த்து. இறுதிக் கட்டத்துக்குள் வந்து நல்ல இடத்தில் முடித்தால் ஏடிடி முழு சீசன், இடைவெளியில் தாய்லாந்து. முதல் கட்டத்திலேயே வெளியே வந்தால் யோசிக்காமல் இந்திய கியூ ஸ்கூல், கார்டு கிடைத்தால் அந்த ஆண்டு இந்தியாதான் அடித்தளம், ஏடிடியில் இடம் கிடைக்கும் வாரங்களில் மட்டும் இந்தப் பக்கம். இரண்டும் இல்லை என்றால் இன்னும் ஒரு வருடம் அமெச்சூராகவே ஆடட்டும் என்று அக்கா சொல்லிவிட்டார், நானும் அதற்குச் சம்மதம். அதற்காக இரண்டு கியூ ஸ்கூலின் விதிகளிலும் அமெச்சூராகவே பதிந்து ஆட முடியுமா என்று பார்த்துக்கொண்டுதான் விண்ணப்பம் போடுகிறோம். நீங்களும் கட்டணம் கட்டும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

சீசன் முடிவில் என்ன பார்ப்பது என்பதையும் இப்போதே எழுதி வைத்துவிட்டோம், ஏனென்றால் தோல்வியின் சூட்டில் எடுக்கும் முடிவு யாருக்கும் நல்லதில்லை. முதல் பத்துக்குள் வந்தால் பேச்சே இல்லை. ஆர்டர் ஆஃப் மெரிட்டில் முப்பது நாற்பதுக்குள் இருந்து, ஆடிய போட்டிகளில் பாதிக்கு மேல் கட் தாண்டியிருந்தால் இரண்டாம் ஆண்டுக்கும் அதே பணத்தை ஒதுக்குவோம், அந்த நிலையில் இருப்பவன் பட்டிங்கில் ஒரு சுற்றுக்கு ஓர் அடி குறைத்தாலே கார்டுக்கு அருகில் வந்துவிடுவான். பாதிக்கும் கீழே என்றால் அடுத்த சீசனின் முதல் பாதிக்கு எந்த டூருக்கும் கட்டணம் கட்டுவதில்லை. பயிற்சியாளரோடு ஆறு மாதம், கூடவே ரேஞ்சில் சிறுவர்களுக்குச் சொல்லித்தரும் வேலை, அதில் வருகிற வருமானம் அடுத்த கியூ ஸ்கூல் கட்டணத்துக்கு.